இருபது சதவீதம்

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர். அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தான். மூன்று மாதமாக அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஷெட்டுக்குள் வண்டி நின்றதும் இறங்கி, தன் பக்கக் கதவைச் சாத்தி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். இரண்டடி நடந்தான். திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். நானும் என் வீட்டுக்காரரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றோம். சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள் இவன். என் கல்லூரிச் சான்றிதழ்கள் அத்தனையையும் பஸ்ஸில் வைத்துவிட்டுக் கை வீசிக்கொண்டு இறங்கி வந்தவன். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் இருபது வருஷம் சிரித்திருக்கிறோம்.

வண்டியை விற்கப் போகிறான். வாங்குகிறவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டரில் யாரும் கைவைத்திருக்கக் கூடாது, வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். அதனால் நான் எழுதி வைத்த ஃபைலை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போட வேண்டும். பதினொரு நிமிட வேலை. அது முடிந்துவிட்டால் நான் செய்ததற்கு உலகத்தில் ஒரு தடயமும் இருக்காது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்து, அதற்குள் இருக்கும் கணக்குகளை மாற்றி எழுதி, வண்டிக்கு இழுவை கூட்டிக் கொடுப்பது. ஷெட்டு என் வீட்டுக்காரருடையது. அவருக்கு ஸ்பேனர், எனக்கு லேப்டாப். வருகிறவர்கள் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். நான் பில் போடுகிற பெண் என்று நினைத்து, கிரீஸ் கையோடு நிற்கும் அவரிடம்தான் எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். அவரும் டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அங்க சொல்லுங்க" என்று என்னைக் காட்டுவார். வேலை முடிந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கைகுலுக்குவது மறுபடியும் அவரோடுதான். இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அண்ணன் வண்டியில் நான் கைவைத்ததற்கு அந்த வயிற்றெரிச்சலும் ஒரு காரணம்.

அண்ணனுக்கும் என் வேலைமேல் மரியாதை கிடையாது. "லேப்டாப்பைத் தட்டினா மேடு ஏறிடுமா பாப்பா" என்று கிண்டல் செய்வான். அவன் வண்டிக்குப் பதினெட்டு வயது. வீட்டுக்குப் போகும் மேட்டில் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டால் இரண்டாவது கியரிலேயே அழும். ஒருநாள் நானே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லி, செய்து கொடுத்தேன். சும்மா ஒரு இருபது சதவீதம். எவ்வளவு டீசல் வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அந்த அளவுக்கு எவ்வளவு நேரம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை உள்ளே இருக்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மாற்ற வேண்டும், அரை நாள் போகும். குறுக்கு வழி என்றால் அந்த ஒரு அட்டவணையை மட்டும் நீட்டிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் பத்து சொட்டு விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும், உள்ளே பன்னிரண்டு இறங்கும். வண்டி நன்றாகவே ஓடும். இதில் ஒரே ஒரு குறை, கம்ப்யூட்டர் போட்டுக் காட்டும் டீசல் செலவும் அந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. மீட்டர் போர்டுக்குள் போய் நூறு என்று இருக்கும் ஒரு எண்ணை நூற்றிருபது என்று மாற்றினால் காட்டுவது சரியாகிவிடும். இரண்டு நிமிடம் ஆகும். வெளி ஆட்களின் வண்டிகளில் அதை ஒருமுறைகூட நான் விட்டதில்லை.

அன்றைக்கு அப்பா போன் செய்தார். சாப்பாடு ஆறுகிறது, இரண்டு பேரும் வாங்க என்றார். லேப்டாப்பை மூடிவிட்டேன். சொந்த அண்ணன்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அண்ணன் வண்டியில் டீசல் முள் ஆறு வருஷமாக வேலை செய்யவில்லை. டேங்க்கைக் கழற்றி இறக்கினால்தான் உள்ளே இருக்கும் மிதவையை மாற்ற முடியும். அதற்குச் சோம்பல்பட்டு அவன் ஒரு வழி வைத்திருந்தான். கழுத்து வரைக்கும் டீசல் நிரப்புவான், போர்டைப் பூஜ்ஜியம் ஆக்குவான். எத்தனை லிட்டர் செலவாகியிருக்கிறது என்று போர்டு சொல்லிக்கொண்டே வரும். டேங்க் ஐம்பத்தைந்து லிட்டர். நாற்பத்தைந்தைத் தொட்டால் நேராகப் பங்க்குக்குப் போய்விடுவான். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. எதையும் மறக்கிற அந்த மனிதன் வாழ்க்கையில் ஒழுங்காக வைத்திருந்த ஒரே கணக்கு அது. நான் சரியாகப் போய் அதில் கைவைத்திருக்கிறேன். அன்றைக்கு என் ஷெட்டிலிருந்து போகிற வழியில் டேங்க்கை நிரப்பி, போர்டைப் பூஜ்ஜியம் ஆக்கிக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தான். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது இருபது கொடுப்பதாகப் போர்டு காட்டுகிறது, நீ பெரிய ஆள்தான் என்றான். பின்னாலிருந்து அப்பா, "வண்டிக்கு வயசு குறைஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று சொல்வது கேட்டது. அந்த இருபது பொய் என்பது எனக்குத் தெரியும். அந்த நொடியே தெரியும். ஆனால் அப்பாவும் அண்ணனும் சேர்ந்து என் வேலையை வேலை என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல்முறை. "என் கை பட்டா சும்மாவா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டாவது வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். அண்ணன் அப்பாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினான், அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது அம்மா கேட்டிருக்கிறாள், டீசல் இருக்காடா என்று. போர்டைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு லிட்டர் இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையில்தான் முக்கு ரோட்டில் இருந்த பங்க்கைத் தாண்டிப் போனார்கள். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத இடத்தில், வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

பெட்ரோல் வண்டி என்றால் ஒரு பாட்டில் ஊற்றினால் ஓடிவிடும். டீசல் காய்ந்து நின்றால் பைப்பெல்லாம் காற்று ஏறிக்கொள்ளும், அதை எடுக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஒரு லாரிக்காரர் எங்கோ போய் ஐந்து லிட்டர் கேனில் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் கடைசியில் எனக்குப் போன் செய்தான். ஃபில்டர் எங்கே இருக்கிறது, அதன் மேலுள்ள நட்டு எது, எத்தனை சுற்று தளர்த்த வேண்டும், எங்கே கையால் அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன், அதுதான் ஆச்சரியம். அப்போது நடுவில் அவன் சொன்னான்: "எப்படி பாப்பா தீரும்? நாப்பத்திநாலுதான் காட்டுச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கணுமே."

நாற்பத்து நான்கை ஒன்று புள்ளி இரண்டால் பெருக்கினால் ஐம்பத்திரண்டு புள்ளி எட்டு. டேங்க்கின் அடியில் கிடக்கும் இரண்டு லிட்டரை பம்ப் உறிஞ்சாது. சரியாக வந்தது. அப்பா அங்கே கிடக்கிறார், நான் அழுவதற்கு முன்னால் பெருக்கிப் பார்த்தேன்.

"நுரை வருதா, சுத்தமா டீசல் வருதான்னு பாரு" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "விடுடா, போதும்." அவ்வளவுதான் சொன்னாள். அவன் காதில் அது விழவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு இன்ஜின் பிடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குப் போனில் கேட்டது. என் இருபது சதவீதத்தோடு நல்ல கம்பீரமாகத்தான் பிடித்தது.

நேரத்துக்கு வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீசல் போட மறந்துவிட்டான் என்பதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. சான்றிதழை பஸ்ஸில் விட்டவன்தானே. போர்டில் காட்டியது என்று அவன் சொன்னதற்கு, போர்டு பொய் சொல்லுமா என்று பெரியப்பா கேட்டார். எடுத்துக் காட்டவும் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி செத்து, லாரிக்காரரின் பேட்டரியை மாட்டியபோது போர்டிலிருந்த எண்ணெல்லாம் அழிந்து பூஜ்ஜியமாகியிருந்தது.

அம்மா அவனிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் எழுந்துபோய் இன்னொரு முறை திருகிப் பார்ப்பாள். அவன் பூட்டிய கதவை அவள் ஒருமுறை பூட்டுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "இவனை நம்பிக் கூட்டிட்டுப் போனேனே" என்று ஒருநாள் சொன்னதை அவன் குளியலறையிலிருந்து கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் இந்தக் கதவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் வந்தது.

மூன்றாவது நாளே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னா மாமா திரும்பி வரப்போறாரா என்றார். கெட்டவர் இல்லை. இனி எனக்கு இருப்பது அம்மா ஒருத்திதான், அவளும் என்னை அந்த மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் நான் தாங்க மாட்டேன் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். சரி, காரியமெல்லாம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு அண்ணனுக்கு உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருக்க ஒவ்வொரு வாரமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

இப்போது வண்டி முன்னால் நிற்கிறது. கேபிளை மாட்டி, பழைய ஃபைலைத் திறந்து வைத்துவிட்டேன். ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் ஷெட்டுக் கதவருகே நின்று, தட்டு என்பதுபோல் தலையசைத்தார். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"அன்னைக்கு நான் ஃபுல் போட்டேனான்னே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு பாப்பா. போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா என் ஞாபகத்தை என்ன நம்புறது."

கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நம்ப மாட்டான், தனக்காக நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைப்பான், அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதி, என் நாக்கு எழவில்லை என்பதுதான்.

"வாண்ணா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீதான் ஓட்டணும்" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறான். தெருமுனைப் பங்க்கில் இரண்டாவது பம்பின் முன்னால் நிறுத்தச் சொல்லி, கழுத்து வரைக்கும் நிரப்பினோம். நுரை அடங்கக் காத்திருந்து இன்னும் கொஞ்சம் விட்டோம். போர்டை அவனையே பூஜ்ஜியம் ஆக்கச் சொன்னேன். பிறகு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டினோம். முதல் ஒரு மணி நேரம் உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து ஓட்டினான். ஆஸ்பத்திரி ரோட்டில்தான் போனோம், வேறு நேர் ரோடு கிடையாது. அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. அங்கே ஒன்றுமில்லை. ஒரு மைல்கல், கொஞ்சம் காய்ந்த புல். வண்டி என்னமோ நன்றாகத்தான் ஓடியது. மேடுகளில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. "நீ நல்லாத்தான் பண்ணியிருக்க பாப்பா" என்று ஒருமுறை சொன்னான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே பங்க், அதே பம்ப், வண்டி காலையில் நின்ற அதே இடம். போர்டைப் படிக்கச் சொன்னேன். குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"பதினஞ்சு லிட்டர். நீயும் ஒருதடவை பாரு. பதினஞ்சுதானே?"

"பதினஞ்சுதான். அப்ப எவ்வளவு பிடிக்கணும்?"

"பதினஞ்சு."

இறங்கிப்போய் பம்பின் முன்னால் நின்றோம். பங்க் ஆள் பூஜ்ஜியத்தைக் காட்டிவிட்டுப் பைப்பைச் செருகினான். எண்கள் ஓட ஆரம்பித்தன. பன்னிரண்டு, பதின்மூன்று. நான் எண்ணைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தில் நின்றுவிடும் என்று அவன் நம்பியது எனக்குத் தெரிந்தது, அதற்கேற்ப உடம்பை ஒரு அடி முன்னால் நகர்த்தினான். பதினைந்து தாண்டியது. பதினாறு தாண்டியது. புருவம் சுருங்கியது. பதினேழு. பைப் பதினெட்டைத் தாண்டித்தான் டக்கென்று நின்றது.

அண்ணன் பங்க் ஆளிடம் சண்டைக்குப் போனான். மெஷினில் ஏதோ செய்திருக்கிறீர்கள், அளவு தப்பு, மேனேஜரைக் கூப்பிடு என்றான். மூன்று மாதத்தில் அவன் குரல் உயர்ந்து இப்போதுதான் கேட்கிறேன். அந்த ஆள் பதறாமல், நீங்கள் பார்க்கத்தானே போட்டேன் என்றான். அண்ணன் என் பக்கம் திரும்பினான், நான் துணைக்கு வருவேன் என்று.

"மெஷின் சரிதான் அண்ணா" என்றேன். "வண்டிப் போர்டுதான் தப்பு. அதைத் தப்பாக்குனது நான். ரெண்டு நிமிஷ வேலை ஒண்ணு பாக்கி வெச்சுட்டேன். பன்னெண்டு லிட்டர் செலவானா அது பத்துன்னுதான் காட்டும்."

அவன் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறான். மூன்றாம் வகுப்பில் எனக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தபோதும் இப்படித்தான் வாய்க்குள்ளேயே போடுவான். ரொம்ப நேரம் எடுத்தது. எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அதுவரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப நான் ஃபுல்தான் போட்டிருக்கேன்" என்றான்.

"ஆமாண்ணா."

"நாப்பத்திநாலுன்னு சரியாத்தான் பார்த்தேன்."

"ஆமா."

வண்டியின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டான். அழுவான் என்று நினைத்தேன், அடிப்பான் என்றும் நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறுக்கம் விட்டுத் தளர்ந்தது, ஒரு நொடி பழைய அண்ணன் தெரிந்தான். அதற்கப்புறம்தான் அது அவனுக்குத் தோன்றியது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

காலையில்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அவன் எதையும் நம்புகிறவன்.

"நீ ஃபோன்ல நாப்பத்திநாலுன்னு சொன்னப்பவே" என்றேன்.

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. அண்ணன் டேங்க் மூடியைத் திருகி மூடிவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். பங்க் ஆள் நீட்டிய சீட்டை நான் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது வண்டி பம்பைத் தாண்டி நகர்ந்திருந்தது. வெளியே போகும் வழியில், ரோட்டில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பின்னால் நின்றவருக்கு இடம் விட்டிருக்கிறானா, எனக்காக நிற்கிறானா என்று தெரியவில்லை. பின் கண்ணாடி வழியாக அவன் தலை மட்டும் தெரிந்தது, திரும்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நடந்தால் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும்.